துடக்குக் கையால் சுடும் அப்பம்

கிரின்ஸ்டெட்,
வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி லோரன்சுக்கு,

உன்னையும் மட்டக்களப்பில் உன் சபையையும் ஆண்டவர் காக்கட்டும். நானும் பிள்ளை துவாரகாவும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. இருக்கிறோம். அத்தானின் கார் வாசலில் நிற்கிறது. எனக்கு அதை ஓடத் தெரியாது.

நேற்று நீ போனில், பாக்கியராசா அண்ணை சொல்லுறதைக் கேட்டுப் பொறுமையா இரு அக்கா என்றாய். அப்போது அழுகைதான் வந்தது. பதிலை இதில் எழுதுகிறேன்.

அத்தான் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியதும் நர்ஸ் பிள்ளை வெந்நீர் கொண்டுவந்து, நீங்களே கழுவ விருப்பமா என்று கேட்டாள். ஓம் என்றேன். முகம், கை, கால் எல்லாம் கழுவினேன். நகத்தடியில் இருந்த பாக்டரி கிரீசையும் எடுத்தேன்.

அதுதான் குற்றம். நம் ஜெபக்கூட்டத்தில் ஆண்டவரை நினைத்து எல்லாரும் பிட்டு உண்ணும் இராப்போசன அப்பம் சுடுகிறவள் நான். கூட்டத்தை நடத்துகிற பாக்கியராசா அண்ணை வீட்டுக்கு வந்து, பிரேதம் தொட்ட கை, முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை அப்பம் சுடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம் என்றார். மோசேயின் சட்டமாம்.

துவாரகாவை வேதத்தில் வாசித்துச் சொல்லச் சொன்னேன். அங்கே இருப்பது ஏழு நாள். அதுவும் முடிந்துவிட்டது. முப்பத்தொன்று நம் ஊர்த் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. அந்த யூத சனங்கள் தங்கள் பிரேதத்தைத் தொட்டு அடக்கம் பண்ணி, தண்ணீர் தெளித்து, திரும்ப உள்ளே வந்திருக்கிறார்கள். அண்ணை தள்ளிவைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே எடுப்பதை விட்டுவிட்டார். துவாரகா இந்த நாட்டு டேனிஷ் பாஷையில் ஏதோ ஏசினாள், அதை எழுதமாட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் காது இருக்கிறது. யவீருவின் செத்த மகளை இயேசு கையைப் பிடித்துத்தானே எழுப்பினார்? இரத்தம் நில்லாத பெரும்பாடுள்ளவள் அவரைத் தொட்டபோது மகளே என்றல்லவா கூப்பிட்டார்? இதைக் கேட்டதற்கு அண்ணை, அவர் தேவகுமாரன், நீ ஆர், பிள்ளை என்றார். நான் குகநேசனின் பெண்சாதி என்றேன். தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் அப்பம் சுடுவேன். கூட்டத்துக்கு வருகிற யோகம்மா தன் காரில் ஏற்றிப் போவதாகச் சொன்னாள். வேறு ஒருவரும் எடுக்காவிட்டால் நாங்கள் மூன்று பேரும் எடுப்போம்.

நீ போதகர். அண்ணை உன் பேச்சைக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் ஒருக்கா அவருக்குப் போன் எடு, தம்பி. எனக்குப் பொறுமை சொல்ல வேண்டாம்.

அத்தானைக் கழுவிய இந்தக் கையை உன் தலையில் வைத்து ஆசீர்வதிக்கிறேன். விலகாதே.

உன் அக்கா,
மனோரஞ்சிதம்