டெபோராவுக்கு வேலை கேட்ட ஜெபம்

கர்த்தருக்குள் அன்பான மகள் டெபோராவுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து அப்பா சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுப் பிரேமலதா எழுதுவது. நான் மூச்சுக்கும் நடைக்கும் குறைவில்லாமல் இருக்கிறேன், நீயும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று விடிந்ததும் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்று வெள்ளம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் ஏறி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சனம் மாட்டிக்கொண்டதே, அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முந்தி உன் அம்மாவைக் கல்லறையில் வைத்தோம், அடுத்த மாதம் நீ ஜெர்மனிக்குப் போனாய். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்த உன் போன் இப்போது வருவதில்லை, நான் அடித்தாலும் நீ எடுப்பதில்லை. ‘நான் வேலையில்லாமலா இருக்கேன்ப்பா’ என்று ஒரே ஒரு வரி அனுப்பினாய், அதைப் பிரேமலதா வாசித்துக் காட்டியதிலிருந்து சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன். ஆராதனையை யூடியூபில் போடுகிறார்களே, கோயிலில் நடந்ததை அதில் நீ பார்த்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

‘மார்ச்சோட கான்ட்ராக்ட் முடியுதுப்பா, நீட்டிப்பாங்களான்னு தெரியல’ என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னாலேயே குருவானவரிடம் போய் என் மகளுக்கு நல்ல வேலை கிடைக்க ஜெபிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் மைக்கில், வெளிநாட்டில் வேலையில்லாமல் கஷ்டப்படும் நம் சாலமோன் அண்ணாச்சி மகள் டெபோரா என்று பேரோடு சொல்லிவிட்டார். சபை முழுக்க எழுந்து நின்று அழுது ஜெபித்தது, வேலையில் இருக்கிற பிள்ளைக்கு. குறுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன்.

அதோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. ஆண்கள் பக்கத்தில் ‘சாலமோன் மவளுக்குச் சோலி போயிட்டாம்’ என்று கிளம்பியது பெண்கள் பக்கம் போய் ‘சாப்பாட்டுக்கே வழியில்லயாம்’ என்று திரும்பி வந்தது, இந்தப் பக்கம் வந்து ‘விசா முடிஞ்சிட்டாம்’ ஆகி, அந்தப் பக்கம் போய் ‘போலீஸ் புடிச்சி வச்சிருக்காம்’ ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்திலிருந்து உன்னோடு படித்த நஃபீஸத் ஆட்டோ பிடித்து ஓடிவந்து, ‘மாமா, டெபோராவ எந்த ஜெயில்ல வச்சிருக்காவ’ என்று வாசலிலேயே அழுதாள். யார் சொன்னது என்று விசாரித்தால் எங்கிருந்து கிளம்பியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போதுதான் மகளே, உன் வேலை என்னவென்று போனில் நீ சொன்ன நட்சத்திரக் காரியம் எனக்கு விளங்கியது. வெடித்துச் செத்த நட்சத்திரத்திலிருந்து ஓர் அலை கிளம்பிப் போகிறது, அதற்கு முன்னால் ஒரு பக்கம் பின்னால் ஒரு பக்கம், துகள் ஒன்று இங்கிருந்து அங்கே போனால் அங்கே சிக்கு விழுந்து கிடக்கும் காந்தம் அதைத் திருப்பிவிடுகிறது, இங்கே வந்தாலும் அப்படியே என்றாய். ‘நீங்க லாரி கிளீனரா இருந்தீங்கல்லா, எதிரெதிரா வார ரெண்டு லாரிக்கு நடுவுல ரப்பர் பந்து மாட்டுனா அடிக்கு அடி வேகம் கூடும்லா, அலைக்கு எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் எதிர்ப்பக்கம் நம்மளப் பாத்துத்தான் வருது’ என்றாய். ஒரே அடியில் வேகம் வராது, கடக்கிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம், அப்படியே நூற்றுக்கணக்கான வருஷம், பாதியில் பின்தங்கிவிடுபவைதான் ஏராளம், தப்பிப் பூமிக்கு வருகிற கொஞ்சமும் வழியெல்லாம் வளைந்து வளைந்து வருவதால் எந்த நட்சத்திரத்துப் பிள்ளை என்று சொல்ல முடியாது, அதனால் அங்கிருந்து நேராக வருகிற ஒளியைப் பிடித்துப் பார்ப்பதுதான் உன் வேலை என்றாய். அவ்வளவையும் ம் ம் என்று கேட்டுவிட்டு, சம்பளம் எப்போது கூடும் என்று கேட்டவன் நான்.

இதை எழுதச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, பிரேமலதாவும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். கல்யாண வீட்டில் நம் சபை அப்பாத்துரை ‘ஓம் மவ அங்கன என்னதான் செய்யுதா வே’ என்று கேட்கும்போதெல்லாம் பந்திக்கு இடம் பிடிக்கப் போய்விடுவேன். அவன் மகன் பேங்கில் இருக்கிறான், ஒரு வார்த்தையில் முடிந்துவிடுகிறது. அப்படி ஒரு வார்த்தை எனக்கும் வேண்டியிருந்தது. உனக்காக என்று ஜெபம் கேட்டேனே, அது எனக்காகக் கேட்டது.

போன ஞாயிறு எழுந்து நின்று, என் மகள் வேலையில்தான் இருக்கிறாள், நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றேன். குருவானவர் மைக்கை நீட்டி, என்ன வேலை அண்ணாச்சி என்றார். செத்த நட்சத்திரத்து அலை என்று ஆரம்பித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் ஒருவன் ‘சோசியமா லே’ என்றான், பிள்ளைகள் கூடச் சிரித்தார்கள். அதையும் நீ பார்த்திருப்பாய்.

மேலே நான் சொல்லியிருப்பது சரிதானா என்று மட்டும் போன் போட்டுச் சொல். தப்பென்றால் பைய இன்னொரு தடவை சொல்லிக்கொடு, இந்த முறை சம்பளம் கேட்க மாட்டேன், மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய் அதே இடத்தில் நின்று சொல்வேன். மார்ச்சில் அவர்கள் நீட்டாவிட்டாலும் உன் வேலை அதுதான். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் உன்னைக் கையில் வாங்கி ஜெபித்தவர்கள் உபதேசியார் பாக்கியசீலன், கெசியா அத்தை, உன் அம்மா, நான். உபதேசியார் நீ பத்தாவது படிக்கையில் போனார், அத்தை கொரோனாவில் போனாள், அம்மா வெள்ளத்து வருஷம். உனக்காகத் தப்பாகவேனும் ஜெபிக்க அதில் மிச்சம் இருப்பது

உன் அப்பா
சாலமோன்