பேசினால் ஃபவுல்

மார்ச் 3, செவ்வாய்

குட்டிக்கு ஏழு மாதம் முடிந்தது. கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு. பல்லா, பால் ஒட்டியதா என்று மூன்று முறை விரலை விட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை கடித்துவிட்டாள். பல்தான்.

அவர் ஆறு மணிக்கு வந்தார், நின்றபடியே டீ, உடனே கீழே. எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்துப் பொதுக்கூடத்தில் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருக்கிறது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரோ விட்டுப் போனது. ஒரு மூலையில் துணி கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். ஏழரைக்குத் திரும்பினார், விரலெல்லாம் கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்பீஸ் தூள்.

"இன்னைக்குப் புது விதி. எந்தப் பந்து எந்தக் குழின்னு முன்னாடியே சொல்லிட்டு அடிக்கணும். அதிர்ஷ்டத்துல விழுந்தா செல்லாது."

"யார் போட்ட விதி?"

"மூணாவது மாடி பல் டாக்டர்."

வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருவரை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 5, வியாழன்

வழுக்கை இல்லை. தோள் வரை முடி, அதுவும் காலையில் வாரியது மாலை வரை கலையாத முடி. லிஃப்ட்டில் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். "குட்டிக்குப் பல் வந்துடுச்சாமே" என்றாள்.

என் வீட்டுச் சேதி. அம்மாவுக்குக்கூட நான் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

இரண்டாம் விதி: பந்து நேராகக் குழிக்குப் போகக்கூடாது, ஓரத்தில் ஒரு முறையாவது மோதித் திரும்பி விழ வேண்டும். சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவைப் பந்தாக வைத்து எனக்குச் செய்து காட்டினார். எனக்கு!

கல்லூரியில் இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லித்தர வந்த சீனியர்தான் இவன். மூன்றாவது வாரமே இவனைத் தோற்கடித்தேன். மாணவர் கூடத்தில் நான் கோலை எடுத்தால் கேரம் ஆடுகிறவர்கள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள். அந்தக் கை இப்போது பால் புட்டியைக் குலுக்குகிறது.

(கல்யாணத்துக்குப் பிறகு 'அவர்' என்று எழுதப் பழகினேன். கோபம் வந்தால் பேனா தானாக 'அவன்' ஆகிவிடுகிறது. இருக்கட்டும்.)

கேட்க நினைத்துக் கேட்காதது: "நீயும் வாயேன்" என்று ஒரு வார்த்தை ஏன் வரவில்லை?

மார்ச் 11, புதன்

அக்காவிடம் போனில் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பல் டாக்டர் முன்னாடி எந்த ஆம்பளையும் ஈன்னு இளிச்சுத்தான் ஆகணும். விடுடி" என்று சிரிக்கிறாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் ஆறு மணிக்குச் சோபாவில் விழுந்தால் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

மார்ச் 12, வியாழன்

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது விதிகளும் வந்தாயிற்று. இடது கையால் அடிப்பது. கடைசிக் கறுப்புப் பந்தை, அதற்கு முன் விழுந்த பந்தின் எதிர்க்குழியில்தான் போடுவது. இன்னொன்றை நான் காதில் வாங்கவில்லை. எங்கள் சமையலறை ஜன்னல் அந்தக் கூடத்துக்கு நேர் மேலே. குக்கர் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு கேட்கிறது. அவள் ஒன்று சொல்வாள், இவன் சிரிப்பான். இவன் ஒன்று சொல்வான், அவள் சிரிப்பாள்.

வீட்டில் என்ன பேசுகிறோம்? டயபர் தீர்ந்துவிட்டது. சத்தம் போடாதே, இப்போதுதான் தூங்கினாள்.

மார்ச் 13, வெள்ளி

என்ன காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன்.

மதியம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே போனேன். யாரும் இல்லை. சுவரில் ஒரு தாள், ஐந்து விதிகள். ஒரு வரி அவன் கையெழுத்து, ஒரு வரி அவளுடையது, மாறி மாறி, கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டார் மாதிரி. பக்கத்திலேயே நூலில் கட்டிய பேனா. என் கையெழுத்துத் தெரியாதபடி ஒவ்வோர் எழுத்தாக அச்சுப்போல் எழுதினேன்:

6. ஆட்டம் முடியும்வரை பேசக்கூடாது. பேசினால் ஃபவுல். வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போகும்.

சிரியுங்கள் பார்ப்போம்.

எழுதித் திரும்பினால் குட்டி வாயெல்லாம் நீலம். சாக்பீஸ் கட்டியைச் சப்பியிருக்கிறாள். மேலே ஓடி, வாயைக் கழுவி, அது விஷமா என்று தேடிப் பார்த்து — இல்லையாம். ஆனாலும்? பாவம் செய்த கையோடு கூலி கொடுத்துவிட்டார்கள் போல.

மார்ச் 14, சனி

டயபரில் மஞ்சள்தான். நீலம் இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

மார்ச் 16, திங்கள்

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

"ஆறாவது விதி ஒண்ணு போட்டிருக்காங்க பாரு, அபாரம்" என்று வந்தார். முகமெல்லாம் பல். "பேசக்கூடாது. ஆனா குழியை முன்னாடியே சொல்லணும்னு முதல் விதி இருக்கே. அப்போ எப்படி?"

எப்படி?

"கண்ணால. பந்தைப் பார்க்கணும், குழியைப் பார்க்கணும், அப்புறம் எதிராளியைப் பார்க்கணும். புரிஞ்சிடுச்சுன்னா அவங்க தலையாட்டணும். அதுவரைக்கும் கண்ணை எடுக்கக்கூடாது."

முதல் விதியை நான் மறந்தே போனேன். படித்தவளாம், முதல் வகுப்பாம். பேச்சை நிறுத்தப் போய்ப் பார்வையை ஆரம்பித்துவைத்திருக்கிறேன். ஒரு மணி நேரம். வாயை மூடிக்கொண்டு. கண்ணோடு கண்.

சோறு இறங்கவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றான். நல்லா இருக்கேன் என்றேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எத்தனை பேர்தான் பார்ப்பது.

மார்ச் 17, செவ்வாய்

ஜன்னலில் இன்று சிரிப்புச் சத்தம் இல்லை. பந்து மோதும் சத்தம் மட்டும். சிரிப்பே தேவலை.

மார்ச் 19, வியாழன்

போய்விட்டேன். குட்டியை மார்போடு கட்டிக்கொண்டு, அழுக்குச் சட்டையைக்கூட மாற்றாமல்.

என்னைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது. பல் டாக்டர் உதட்டில் விரலை வைத்து நாற்காலியைக் காட்டினாள். அவள் முறை. ஒன்பதாம் எண் பந்தைப் பார்த்தாள், நடுக்குழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். இடது கையால் அடித்தாள். பந்து எதிர் ஓரத்தில் மோதித் திரும்பி, நடுக்குழியில் நூல் பிடித்தாற்போல் விழுந்தது. என்னையறியாமல் மூச்சை உள்ளே இழுத்தேன். அப்படி ஓர் அடி.

அவர் இல்லை இல்லை என்று கையாட்டி மூலைக்குழியைக் காட்டுகிறார். அதைத்தான் அவள் பார்த்தாளாம்.

"நடுக்குழியைத்தான் பார்த்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

"பேசிட்டீங்க. ஃபவுல்" என்றாள் டாக்டர்.

"நான் ஆடலையே."

"விதி எழுதினவங்களுக்கும் சேர்த்துத்தான்."

அவர் அவளைப் பார்த்தார். "நீங்கதானே எழுதினீங்க?"

"நான் அன்னைக்கு மதியம் சாப்பிட வந்தேன். கதவு கண்ணாடி. ஒருத்தங்க இடுப்புல குழந்தையோட சுவத்துல பரீட்சை எழுதிட்டு இருந்தாங்க."

முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் குட்டியின் தலையில் வைத்துக்கொண்டேன். டாக்டரோ கோலை என் பக்கம் நீட்டுகிறாள்.

"ஆடத் தெரியாதவங்க இப்படி ஒரு விதியை யோசிக்க மாட்டாங்க. வாங்க. தப்பா நினைக்காதீங்க, உங்க வீட்டுக்காரர் ஆட்டம் சுமார்தான். முதல் அஞ்சு விதியும் எனக்கு மட்டும்தான். இடது கை எனக்கு, ஓரத்துல மோதறது எனக்கு. இவர் எப்படி வேணா அடிக்கலாம். அப்படியும் ஒரு தடவைகூட—"

அவர் கிழிந்த துணியில் டேப்பை அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார். யார் ஜெயித்தது என்று இத்தனை நாளில் ஒரு தடவைகூட இவர் சொன்னதில்லை. அப்போதுதான் உறைத்தது.

குட்டியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தேன். முதல் அடியிலேயே வெள்ளைப் பந்தைக் குழியில் தள்ளினேன். அதுவே ஃபவுல். என் பந்துகளில் ஒன்றே ஒன்று விழுந்தது. ஆறு அப்படியே மேசை மேல். "ரெண்டு வாரத்துல கை திரும்பிடும்" என்கிறாள்.

நல்லவளாக வேறு இருந்து தொலைக்க வேண்டுமா அவள்? கெட்டவளாக இருந்தால் எனக்கு எவ்வளவு வசதி.

மார்ச் 20, வெள்ளி

துணி மடிக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"அவங்களையும் என்னையும் தப்பா நினைச்சியா?"

"நினைச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சிரிப்ப."

சிரிக்கவில்லை. குட்டியின் காலுறைக்கு ஜோடி தேடுவதுபோல் குனிந்துகொண்டார். "தினம் தோத்துட்டு வரேன்னு உங்கிட்ட வந்து எப்படிச் சொல்றது? அதான் உன்னைக் கூப்பிடலை. நீ வந்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஆறு மணியானா கதவைத் தொறந்துட்டு நீ பாட்டுக்குப் போற பாரு, அதைப் பார்த்தாத்தான் எனக்கு வயிறு எரியுது. அந்த இடத்துல வேற யார் இருந்தாலும் எரிஞ்சிருக்கும்."

முழு உண்மை இல்லை. அந்த முடியைப் பார்த்தும் எரிந்தது. அதைச் சொல்லவில்லை.

காலுறைகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "செவ்வாயும் வியாழனும் நீ போ" என்றார்.

"குட்டி?"

"நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா?"

மார்ச் 24, செவ்வாய்

பன்னிரண்டே நிமிடம். அழுகைச் சத்தம் கேட்டுக் கோலைப் போட்டுவிட்டு மேலே ஓடினேன். அழுதது முதல் மாடிக் குழந்தை. என் குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அவர் மூக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் நான் ஏன் வந்தேன் என்பதுபோல் பார்த்தார்கள்.

கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்காதே.

ஏப்ரல் 9, வியாழன்

என் பந்துகள் எல்லாம் விழுந்து கறுப்பு மட்டும் மிச்சமிருந்தபோது அவர் போன் செய்தார்.

"அழறா."

"பசிக்காது. தூக்கிட்டு நட."

"நடந்துட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் நட" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் நானா சொன்னேன் என்று இருந்தது. கறுப்பு குழி வாசல் வரை போய் நின்றுவிட்டது. டாக்டர் முடித்துவிட்டாள். பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரத்துக்கு என்ன விதி, அவள் கிளினிக்கில் ஊசியைக் கண்டு நாற்காலியோடு சாய்ந்த போலீஸ்காரர், இந்த மேசைக்குப் புதுத் துணி எங்கே கிடைக்கும் என்று என்னென்னவோ.

மேலே வந்தால் வீடு அமைதி. அவர் தரையில் படுத்திருக்கிறார், அவர் நெஞ்சின்மேல் குட்டி. அசையாமல் கண்ணை மட்டும் திருப்பிக் கேட்டார்.

"ஜெயிச்சியா?"

"இல்லை."

"இவ்வளவு நேரம்?"

"பேசிட்டு இருந்தோம்."

கண்ணை விட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார். "என்னைப் பத்தியா?"

அவர் பெயரையே நாங்கள் எடுக்கவில்லை.

"கொஞ்சம்" என்றேன்.