நாலு பேருக்கான சோளம்

அன்பு மகனே,

இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார்கள். அதனால் வீட்டுச் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சனிக்கிழமை தோட்டத்து இனிப்புச் சோளத்தைக் குளிர்காலத்துக்காகப் பைகளில் கட்டினோம். ராத்திரியில் ரக்கூன்கள் புகுந்து தின்றது போக ஆறு கூடை கிடைத்தது. நான் கதிர்களைக் கொதிநீரில் போட்டெடுத்து ஐஸ் தண்ணீரில் ஆறவைத்தேன். அப்பா கத்தியால் மணிகளைச் சீவினார். சோளப்பால் தெறித்து அவர் மூக்குக்கண்ணாடியே மங்கிவிட்டது. உன் தங்கை லோர்னா பைகளில் அடைத்தாள். "அப்பா, நீங்க சீவுற வேகத்துக்கு ஃப்ரீசர் நிறையறதுக்குள்ள பனியே கொட்டிடும்" என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தாள்.

தீர்ப்பு நாளிலிருந்து அவர் உன் பேச்சை எடுப்பதில்லை. அது உனக்கே தெரியும்.

முப்பது பை ஆனதும் லோர்னா, "போதும்மா, மூணு பேருக்கு இதுவே அதிகம்" என்றாள்.

அப்பா தலை நிமிரவில்லை. "நாலு பேருக்குப் போடு. அவன் ஒருத்தனே ஒரு வேளைக்கு ஒரு பை திம்பான்" என்றார்.

நான் அடுப்பை மறந்துவிட்டேன். அப்போது வெந்துகொண்டிருந்த கதிர்கள் குழைந்தே போயின. அவர் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

பிப்ரவரியில் நீ விடுதலையாகும்போது உன்னை அழைத்துவர நான்தான் வருவதாக இருந்தேன். இப்போது, "பனியில நீ ஓட்ட வேணாம், நானே போறேன்" என்கிறார். வழியில் அவர் ஒன்றும் பேசமாட்டார். நீயும் விளக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வா.

உன்
அம்மா