எலும்பு கேட்கப் போனேன்

மார்ச் 2
நோன்புக்குச் சாமான் வாங்கியாயிற்று. பயறு, எள் விழுது, ஒலிவம். எண்ணெய் போன வருஷத்தைவிடக் குறைவாகவே போதும்.

கல்லறைக்காரர் சொல்லியனுப்பினார். என் ஸ்டமாட்டிசைப் புதைத்து மூன்று வருஷம் முடிகிறது. வழக்கப்படி எலும்பை எடுத்து, அடுத்தவருக்குக் குழியைக் காலி செய்ய வேண்டும். குழி சம்பந்தி பண்டெலிஸ் குடும்பத்துடையது. எலும்பு எங்கே போவது என்று அவர்தான் சொல்ல வேண்டுமாம்.

நான் பெற்ற பிள்ளை. அவன் அப்பாவின் பக்கத்தில் வைக்க, நான் யாரிடம் கேட்பது?

மார்ச் 4
கொழுந்தன் இசிதோரஸ் வந்தார். எங்கள் கீழக் கோயிலுக்கு வாணம் கட்டுகிறவர்களின் தலைவர். ஈஸ்டர் இரவில் மேலக் கோயிலும் நாங்களும் ஒருவர் மணியை ஒருவர் குறிபார்த்து வாணம் விடுவோம். ஸ்டமாட்டிஸ் மேலக் கோயில் பெண்ணைக் கட்டினான், மாமனாரோடு உட்கார்ந்து வாண மருந்து இடித்தான். கொட்டகை வெடித்தது. மாமனார் பிழைத்துக்கொண்டார்.

“அந்தாளு வாசப்படிய மிதிச்சீங்கன்னா, அண்ணி, நம்ம கோயில் மணியே வெக்கத்துல நாக்கக் கடிச்சுக்கும். நம்ம மணிய அடிக்க மருந்து இடிச்சவன்தானே? அங்கயே கெடக்கட்டும்.”

“அவன நான் பெத்தேன். மணி பெக்கல.”

காப்பியைக் குடிக்காமல் போனார். கொட்ட மனமில்லை, நானே குடித்தேன்.

மார்ச் 10
ஆசான் பாறைக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் கியோஸ் தீவின் குருட்டுக் கவி இங்கே உட்கார்ந்துதான் பாடம் சொன்னாராம். மெய்யோ பொய்யோ, இவ்வூரில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் இந்தப் பாறையில் பாவாடையோ கால்சட்டையோ தேய்த்தவர்கள்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அவருடைய பழைய மொழியை அகராதியை வைத்துக்கொண்டு அடுப்படியில் கற்றேன்.

இன்று அவருடைய போர்ப் பாட்டில் ஓர் இடத்தைத் திரும்பப் படித்தேன். மகனைக் கொன்றவனின் கூடாரத்துக்குக் கிழட்டு அரசன் தனியாகப் போகிறான். அந்தக் கையையே முத்தமிட்டு, உடலைக் கொடு என்கிறான். இத்தனை வருஷம் இதை ஒரு ராஜாவின் கதை என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 17
பாதிரியார் என் பையில் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். “நோன்பு காலத்துல சிலை கும்பிட்டவன் பாட்டா, மார்க்கெல்லா?”

“பெரிய வெள்ளிக்கு, ஆளுநர்கிட்டப் போய் ஆண்டவர் உடம்பக் கேட்டு வாங்கினவர நீங்களே பாடுறீங்களே, சாமி. கேக்கப் போனவன் கால் ரெண்டு எடத்துலயும் ஒண்ணாத்தானே நடுங்கியிருக்கும்?”

பாதிரியார் தாடியைத் தடவினார்.

மார்ச் 27, புதன்
போனேன். பட்டப்பகலில், கடைத்தெரு வழியாக. எல்லோரும் பார்க்கட்டும்.

பண்டெலிஸ் கதவைத் திறந்தார். வலது கை வெந்து சுருங்கியிருந்தது. குனிந்து அந்தக் கையை முத்தமிட்டேன். கருகிய தோல் உதட்டில் சொரசொரத்தது — வெறுப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. ஏன் வரவில்லை?

“நிமிரு சம்பந்தியம்மா. அந்தக் கிழவன் கதைய எங்கிட்ட நடிச்சுக் காட்டுறியா? நானும் அந்தப் பாறையில உக்காந்தவன்தான்.”

“அப்ப முடிவு ஒங்களுக்கே தெரியுமே.”

சிரிக்கப் பார்த்தார், அழுதார். “நான்தான் அவன உள்ள கூப்பிட்டேன். மழைத்தண்ணி படாம இடிப்போம்னு.” நானும் அழுதேன். அவர் என் பிள்ளைக்காக, நான் என் பிள்ளைக்காக. இல்லை, அவருக்காகவும்தான்.

பிறகு, நோன்பிலும் மீன் உண்ணலாம் என்கிற முந்தாநாள் மாதா திருநாளுக்குப் பொரித்து மிஞ்சிய உப்புமீனை முன்னே வைத்தார். “சாப்பிடு. கதையிலயும் சாப்பிட்டுத்தான் போறான்.”

புதன்கிழமை. எண்ணெய்கூடத் தொடக் கூடாத நாள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நோன்பும் விட்டதில்லை. சாப்பிட்டேன். முள்ளைத் தவிர எதையும் மிச்சம் வைக்கவில்லை.

வாசலில் கேட்டார்: “எலும்ப எடுத்துக்க. எத்தன நாள் வேணும் ஒனக்கு?” அடக்கம் முடியும்வரை எத்தனை நாள் சண்டையை நிறுத்த வேண்டும் என்று கதையில் கொன்றவனும் கேட்பான்.

“ஈஸ்டர் ராத்திரி எங்க கோயில்ல அவன வைக்கணும். அன்னைக்கு அவன் தலைக்கு மேல மருந்து வெடிக்கக் கூடாது.”

“திருநாள நிறுத்துறது கதையில இல்லாதது” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்ச் 31
பாவமன்னிப்புக்குப் போனேன். மீன் தின்றதற்குத் தண்டனையாகத் தரையில் விழுந்து வணங்கச் சொன்னார். வணங்கினேன், முழங்கால் வீங்கிவிட்டது. “வருத்தப்படுறியா?” என்றார். “மீனுக்கா? இல்ல, சாமி.” நோன்புக் கணக்கில் அந்தப் புதனைக் காலியாகவே விட்டிருக்கிறேன். மேலே போய் நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 12
தோண்டினார்கள். சிவப்பு ஒயின் பண்டெலிஸ் கொண்டுவந்தது. அதில் எலும்பை நான் கழுவினேன், அவர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டார். மெழுகு நிறம், ஒன்றுகூடக் கறுத்திருக்கவில்லை. நல்ல ஆத்மா என்றால் அப்படித்தான் இருக்கும். தலையை அவர் கையில் கொஞ்சநேரம் கொடுத்தேன்.

ஏப்ரல் 26
இசிதோரஸ் என்னோடு பேசுவதில்லை. கோயில் கூரைமேல் வாணம் விடும் மரச்சட்டம் ஏறிவிட்டது.

ஏப்ரல் 28, ஈஸ்டர்
நேற்றிரவு. எலும்புப் பெட்டி மாதா படத்தின் கீழே இருந்தது. பாதிரியார் உயிர்த்தெழுதல் பாட்டைத் தொடங்கினார். முதல் வாணத்துக்கு எல்லோரும் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தோம்.

வரவில்லை.

இசிதோரஸ் கையில் திரியோடு உள்ளே வந்தார். “அண்ணி, அந்தாளுகிட்ட என்ன சொன்னீங்க? மேலக் கோயில் மலை இருட்டாக் கெடக்கு. ஒரு பொறி இல்ல.”

“கேட்டேன். அவ்ளோதான்.”

“இப்ப நான் யாரப் பாத்து விடுறது?” கோபம்தான். பெட்டியைப் பார்த்தார். திரியைச் செருப்பில் தேய்த்து அணைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டு முழுதும் காதில் விழுந்தது. நான் பிறந்ததிலிருந்து இதுவே முதல் தடவை.

இன்று ஆட்டுக்குட்டிச் சூப்பு. ஒரு தூக்கு நிறைய மேலே பண்டெலிசுக்குக் கொடுத்தனுப்பினேன். எடுத்துப் போனது இசிதோரஸ். சாயங்காலம் ஆகிவிட்டது, இன்னும் திரும்பவில்லை.