முன் இருக்கையில் நான்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகத் தொடங்கிவிட்டது. உன் தங்கை ஆள் வரச் சொல்லியிருக்கிறாள். அன்று போனில் உனக்குப் பதில் சொல்ல முடியாமல் திணறினேன். எனக்கு எழுதினால்தான் வார்த்தை வரும். இதையும் ஒரு முறை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் பார்சல் வண்டியில் முன் இருக்கையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கம்பெனிக்காக அதைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் காட்டப் போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளை உங்கள் கம்பெனியின் தொழிலாளி அல்ல, சொந்தத் தொழில் செய்பவர், தனக்கென்று ஆள் வைத்திருக்கிறார், அந்த ஆள் நான். ஆகவே அவரும் மற்ற ஓட்டுநர்களும் சங்கம் வைக்க முடியாது. உன் வாதம் இதுதானே? 'கூடப் போனேன்னு மட்டும் சொல்லுங்கப்பா, மீதிய நான் பாத்துக்கறேன்' என்றாய். நீ சட்டம் படித்தவன். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கியவன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்து.

கூடப் போனது உண்மை. மாப்பிள்ளையின் கெண்டைக்காலைப் பார்சல் கொடுக்கப் போன வீட்டு நாய் கடித்துவிட்டது. விடுப்பு கேட்டதற்கு உங்கள் மேற்பார்வையாளர், 'நீங்கதானே முதலாளி, உங்களுக்கு நீங்களே லீவு குடுத்துக்கங்க. ஆனா ரூட்டு வேற ஆளுக்குப் போயிடும்' என்றாராம். கட்டுப்போட்ட காலோடு மாடி ஏறி இறங்க நேரமாகும். அதற்குள் தெருவில் நிற்கும் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். போலீஸ்காரர் வந்தால் 'இதோ வந்துடுவார்' என்று சொல்வதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். அதைக்கூடப் போலீஸ்காரரிடம் நான் தெளிவாகச் சொன்னதில்லை. எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஆரஞ்சு உன் தங்கை கொடுத்துவிட்டது.

அந்தப் படத்தை எடுத்தது யார் என்று யோசித்தாயா? உங்கள் கம்பெனி வண்டிக்குள் பொருத்திய கேமரா. மாப்பிள்ளை கொட்டாவி விட்டால் அது கத்துகிறது. எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதைப் போன் சொல்கிறது. மாற்றிப் போனால் உடனே கேள்வி. அவர் போட்டிருக்கும் சட்டையும் உங்களுடையது. இறங்கிப் போக நேரமில்லாததால் அவர் பாட்டிலில் சிறுநீர் கழித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மாமனார் பக்கத்தில் இருக்கிறாரே என்று அவர் கூனிக் குறுகியதை எழுதக் கை கூசுகிறது. இப்படி ஒரு முதலாளியை நான் கண்டதில்லை.

கிடங்கில் ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் முதலாளி என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'முதலாளி, உங்க சாம்ராஜ்யத்தக் கொஞ்சம் பின்னால எடுங்க, என் சாம்ராஜ்யம் வெளிய போகணும்' என்று ஒருவர் வண்டிக்குள்ளிருந்து கத்துவார். நானும் சிரித்திருக்கிறேன். சங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் இப்போது லிப்ட் இல்லாத கட்டடங்களாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளையின் கால் இன்னும் ஆறவில்லை. வழக்கில் தோற்றால் ரூட்டு போகும், தவணை கட்ட முடியாமல் வண்டியும் போகும், அதற்கு வாங்கிய கடன் மட்டும் நிற்கும்.

இது உன் யோசனையாக இருக்காது, மேலே யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் படத்தை அனுப்பியது நீ. பெற்ற தகப்பனின் முகத்தைப் பார்த்ததும் இதை ஒதுக்கி வைக்கத் தோன்றவில்லையா? அசிங்கமாக இருக்கிறது, தம்பி. இந்தச் சொல்லை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

உன் தங்கைக்குப் படத்தைப் பற்றித் தெரியாது. கம்பெனிப் பக்கம் யார் வாதாடுகிறார்கள் என்று மாப்பிள்ளை கேட்டதற்கு, 'அண்ணன் இதுல இருக்க மாட்டாருங்க, இது என் வீட்டு வழக்குன்னு அவருக்குத் தெரியுமே' என்றாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

சங்கத்துக்காரர்கள் என்னைச் சாட்சிக்குக் கேட்டார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் என் குரல் எழும்பாது என்பது உனக்குத் தெரியும். நீயே குறுக்கு விசாரணை செய்வதாக இருந்தால் கொஞ்சம் நிதானமாகக் கேள். பார்த்ததைச் சொல்வேன், பாட்டில் உட்பட.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வழக்குக்கு முந்தின நாளே வந்துவிடு. ஓட்டலில் தங்காதே. மாப்பிள்ளை வேலை முடிந்து வருகிற நேரத்தில் வீட்டில் இரு. அவர் படியேறி வருவதைப் பார். உனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்கிறேன். காரணம் எதுவும் உன் தங்கையிடம் சொல்ல மாட்டேன்.

உடம்பைக் கவனித்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், எல்லா விதத்திலும்.

இப்படிக்கு,
உன் அப்பா