மேற்குச் சுவரில் வைத்த சிம்னிக் குழாய்

அன்பு மகள் ஷெர்லினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நீயும் மருமகனும் பேரன் ஜெனோவும் மஸ்கட்டில் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நான் சுகம், அம்மாவைப் பற்றி அந்த வார்த்தையை அவ்வளவு சுலபமாக எழுத முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ கூப்பிட்டால் அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள், நான் வாயெடுத்தாலே முறைக்கிறாள். வல்லிநாயகம் அண்ணாச்சி மகன் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மார்ச் மாதம் நீ வந்திருந்தபோது அம்மாவுக்கு மூச்சு இளைப்பதைப் பார்த்துப் பயந்து, அடுப்புக்கு மேலே சிம்னி வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாயே, அது நன்றாக ஓடுகிறது என்றுதான் நீ கேட்கும்போதெல்லாம் சொல்லிவந்தேன். ஓடுகிறது என்பது உண்மை, புகைதான் வெளியே போகவில்லை. மாட்ட வந்த கம்பெனி ஆள் குழாயை எந்தப் பக்கம் விடலாம் என்று கேட்டார், நினைவிருக்கிறதா, கிழக்கே துல்கர்னைன் பாய் வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிறது, மேற்கே வயல்தானே, யாருக்கும் தொந்தரவில்லை என்று நாம் எல்லோரும் சேர்ந்து மேற்குச் சுவரைக் காட்டினோம். அப்போது ஓர் இலைகூட அசையவில்லை. சாரல் தொடங்கியதும் மேற்கேயிருந்து வீசுகிற செங்கோட்டைக் கணவாய்க் காற்று நேரே அந்தக் குழாய்க்குள் நுழைந்து, உள்ளே இருக்கிற புகையையும் சேர்த்து அம்மா முகத்தில் தள்ளுகிறது. புளியங்குடி ரூட்டில் அத்தனை வருஷம் பஸ் ஓட்டி, சீசன் காற்றுக்கு ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தே கை காய்த்தவன் நான், அந்த ஒரு நாள் எனக்குப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. குழாய் வாயில் தகர மூடி போட்டுப் பார்த்தோம், காற்று அதை அறைந்து சாத்திவிடுகிறது. மாடி வழியாக மேலே ஏற்றலாம் என்றால், தளத்தில் துளை போட்டுப் பூசினால் இந்த ஈரத்தில் காயாது, வீடு ஒழுகும், சீசன் முடியட்டும் என்கிறார்கள். மழைத்தண்ணீர் குழாய் வழியே எண்ணெய்ப் பிசுக்கோடு தோசைக்கல்லில் சொட்டியது, அதைப் பார்த்துவிட்டு அம்மா பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்துவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் அடுப்பே அணைகிறது, மூடினால் புகை நிற்கிறது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் கஞ்சியும் துவையலுமாக ஓட்டிவிடுவோம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று டிவியில் காட்டினால் போதும், சொந்தக்காரர்கள் யாரும் லாட்ஜைத் தேடுவதில்லை, நம் வீடுதான். போன வாரம் தூத்துக்குடியிலிருந்து உன் ஜாய் சித்தி குடும்பம் வேன் நிறைய வந்தது. ஐந்தருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சூடாகப் பூரியும் பொரித்த மீனும் போட வேண்டும் என்று அம்மா அடுப்படியிலேயே நின்றாள். கடையில் பரோட்டா வாங்கி வருகிறேன் என்றேன். வீடு தேடி வந்தவங்களுக்குக் கடையில வாங்கிப் போட்டா என்னை என்ன நினைப்பாங்க, நீங்க சும்மா கெடங்க என்றாள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு புறவாசலில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் அந்த ஊதுகிற மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டதும், மூச்செல்லாம் ஒண்ணுமில்ல, வெங்காயந்தான் கண்ணக் கரிக்குது என்கிறாள். டாக்டர் புகையே ஆகாது என்று என்னிடம்தான் கண்டித்துச் சொன்னார். என்னால் அவளை அடுப்படியிலிருந்து வெளியே கூப்பிடவும் முடியவில்லை, வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்லவும் முடியவில்லை. வெங்காயம் உரித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது.

ஜூலையில் பள்ளிக்கூட லீவுக்கு வருகிறோம் என்று நீ சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏட்டி, தண்ணி நல்லா விழுது, சீக்கிரம் வா, ஜெனோவுக்கு தினம் உளுந்த வடை சுட்டுத் தாரேன்னு எழுதுங்க என்றாள். அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதைக் கேள் மகளே, இந்தத் தடவை வராதே. யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம் மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது. கிறிஸ்துமசுக்கு வா, காற்று அடங்கியிருக்கும், குழாயையும் மாடிக்கு ஏற்றியிருப்பார்கள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல், புகையைப் பற்றி மூச்சுவிடாதே. வராதே என்று எழுதின வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதையும் மீறி நீ கிளம்பினால் எனக்குத் தடுக்கத் தெம்பில்லை, திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் முதல் ஆளாக வந்து நிற்பேன்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் தம் செட்டைக்குள் வைத்துக் காப்பாராக. ஜெனோவுக்கு என் முத்தம். வெயிலில் அவனை அலைய விடாதே, நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்காக ஜெபித்துக்கொள். இதை எழுதும்போது அவள் அடுப்படியில் சிம்னியின் கம்பி வலையைக் கழற்றி, வெந்நீரும் சோடா உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புள்ள ஆசையா வாங்கித் தந்தது, வந்து பாக்கும்போது பளபளன்னு இருக்கணும்லா என்கிறாள். மேலே குழாயில் அந்தத் துண்டு அப்படியேதான் இருக்கிறது.

உன் அப்பா,
ஞானமுத்து
தென்காசி