மாமா போட்ட கையெழுத்து

சுவா சந்தை,
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்.

என் தோரிகாவுக்கு அம்மா உனைசி அன்போடு எழுதுவது. உடம்புக்கு நான் நலம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு நாங்கள் கொண்டுபோன திமிங்கலப் பல்லை உன் மாமா ஏற்றுக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பே மலைச்சரிவில் இருந்த யங்கோனாவில், வேரை இடித்துக் கரைத்துக் குடிக்க நம் ஊர் வளர்த்த கருங்கணு ரகம் முழுவதையும் பிடுங்கிவிட்டார். ஒரு செடி மிச்சமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறையுள்ள சரக்கை மூட்டையின் அடியில் வைத்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள் அம்மா. ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றும் சொன்னேன். நான் எங்கே தவறினேன்?" என்று கேட்டிருந்தாய்.

உன் படிப்பு என்ன படிப்பு என்று சந்தையில் கேட்பார்கள். அறிவியலை வைத்துக்கொண்டு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும், புதிதாகக் கண்டுபிடித்ததை எப்படிச் சந்தைக்குக் கொண்டுவருவது, இரண்டும் சேர்த்து மேற்படிப்பு என்பேன். "ரெண்டாவதத்தான் நீ படிக்காமலே பண்றியே" என்று பக்கத்துக் கடைக்காரி சிரிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். உன் ஆய்வுத் திட்டத்தையும் உட்கார்ந்து படித்தேன். கந்தாவுத் தீவில் உன் மாமாவின் ஊர் காத்துவந்த கருங்கணு ரகத்தை ஊர் பெயரிலேயே பதிவு செய்து, வெளிநாட்டில் விற்கிற ஒவ்வொரு கிலோவிலும் ஊருக்குப் பங்கு. நல்ல திட்டம்தான், வியாபாரியாகவே சொல்கிறேன். கூட்டுச் சேர்ந்த கம்பெனி ஊர் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரில் விண்ணப்பம் போட்டதும், நீ வாங்கிய கையெழுத்துகளை அதோடு இணைத்ததும் உன் குற்றமில்லை. அதை நான் ஊர் நடுவில் சொன்னேன். அவர்களும் மறுக்கவில்லை.

தவறு அங்கே இல்லை, தோரிகா. கேட்டது யார் என்பதில் இருக்கிறது.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது மாமா வீட்டுக் கொழுத்த பன்றியைக் காட்டி "இது எனக்கு" என்றாய். தேவாலயத் திறப்புக்கென்று அவர் வளர்த்தது. சிரித்துக்கொண்டே கயிற்றை உன் கையில் கொடுத்தார். நீ அந்த ஊருக்கு வசு, அவர் தங்கை பெற்ற பிள்ளை. தாய் பிறந்த ஊரில் நீ எதைத் தொட்டாலும் அது உனக்கு. தாய்மாமன் முகம் சுளிக்கக்கூட வழியில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க மாமா" என்று காகிதத்தை வைத்துக்கொண்டு படித்திருக்கிறாய். நீ விளையாடுகிறாய் என்று நினைத்து லைசானி அத்தை சமையலறைக்குள் போய்ச் சிரித்தாளாம். அதையே ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து கேட்டிருந்தால் ஊர் கூடிப் பேசியிருக்கும். பாதிப் பேர் மறுத்திருப்பார்கள். நீ கேட்டதால் ஒருவரும் மறுக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எழுதி அனுப்பிவிட்டாய்.

மறுக்க முடியாதவனிடம் வாங்கிய சரக்கை நான் கொள்முதல் என்று சொல்லிக்கொள்வதில்லை. இது உனக்குத் தெரியாததும் இல்லை. மாணவியாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாய். படகிலிருந்து இறங்கியது வசுதான்.

எங்கள் பயணத்தைச் சொல்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் அவர் முன்னால் நடந்திருப்பார். அவர் இல்லாததால் எலியாசி சித்தப்பா நமக்காகப் பேச வந்தார். கரையில் அவருடைய மைத்துனன் முறைக்காரன் தோமாசி நின்றிருந்தான். "பல்லு நம்மளுதுதானா மச்சான்? இல்ல, அதையும் எவனாவது பதிவு பண்ணிட்டானா?" என்றான். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் சித்தப்பா ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருப்பார். அன்று தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மாமா வீட்டு வாசலில் மழையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது, யாரும் வெளியே வரவில்லை. நான் பிறந்த வீடு அது. அந்த வாசலில் நான் காத்திருந்ததே இல்லை. கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். சித்தப்பா பல்லை இரண்டு கையாலும் ஏந்தி, "புள்ள அறியாம பண்ணிட்டா. தப்பு எங்களோடது. இத வாங்கிக்குங்க" என்றார். மாமா பல்லை எடுத்துக்கொண்டார். அப்புறம்தான் யங்கோனா கரைத்த கிண்ணம் வந்தது. குடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, கருங்கணு. பச்சையாக, அப்போதுதான் இடித்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேர்கள் மனித உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பாதி முற்றாதவை. மழையில் அழுகத் தொடங்கியிருந்தன. நான் விலை போட்டுப் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு குவியலைப் பார்த்து விலை போடாமல் நின்றது அன்றுதான்.

பெரியவர்களான நாளிலிருந்து நானும் அண்ணனும் நேருக்கு நேர் பேசுவதில்லை, முறை அது. அவர் மனதில் உள்ளது அண்ணி லைசானி வாயால்தான் எனக்கு வரும். கம்பெனிக்குப் பயந்து பிடுங்கினார் என்று படகில் வரும்போது நினைத்திருந்தேன். லைசானி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் உனைசி. 'அந்தப் புள்ள மறுபடி வந்து இன்னொண்ணு கேக்கும் லைசானி. குடுக்காம இருக்க எனக்குத் தெரியாது. இருந்தாத்தான குடுக்கணும்'னாரு. சொல்லிட்டு மறுபடியும் கடப்பாரையத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

கம்பெனிக்குப் பயந்தல்ல. உனக்குப் பயந்து.

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் தாளை மூடி வைத்திருந்தேன். நான் மறைத்தால் வேறு யாராவது சிரித்துக்கொண்டே உன்னிடம் சொல்வார்கள். என் எழுத்திலேயே இருக்கட்டும்.

அவருக்கு உன்மேல் வெறுப்பில்லை. அங்கே குளிரா, பிள்ளை சாப்பிடுகிறதா என்று லைசானியைவிட்டுக் கேட்டார். நல்ல கம்பளி வாங்கியிருக்கிறாள் என்று நானும் லைசானியிடம் பதில் சொன்னேன். நீ உண்மையிலேயே வாங்கிக்கொள். சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதே.

இங்கே லாரிக்குக் கிளட்ச் மாற்றியாயிற்று. கருங்கணு கேட்டு வருகிற பழைய வாடிக்கைக்காரர்களிடம் தீர்ந்துவிட்டது என்கிறேன். "எப்ப வரும்?" என்கிறார்கள். இப்போது அது உயிரோடு இருப்பது பிரிஸ்பேனில், மாதிரிக்கென்று இங்கிருந்து போன கன்றுகளை அந்தக் கம்பெனி வளர்க்கிற கண்ணாடிக் கூடத்தில் மட்டும்தான். நீ பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், உன் மாமாவால் முடியாது.

படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வராதே, முடித்துவிட்டு வா. கம்பெனியின் விண்ணப்பத்துக்கு எதிரான ஆட்சேபணை மனுவுக்கு மாமாவின் கையெழுத்து வேண்டும், வாங்கி அனுப்பு என்றும் கேட்டிருந்தாய். அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இன்னொரு காகிதத்தை நீட்ட என்னால் முடியவில்லை.

கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரியில் அழுதால் விளக்கைப் போட்டுக்கொண்டு அழு. இருட்டில் அழுதால் எல்லாம் பெரிதாகத் தெரியும்.

கடைசியாக, ஊர் என்னிடம் சொன்ன நிபந்தனை. பேரம் பேசாமல் எழுந்திருக்கிறவளா நான்? பேசினேன். உன் கல்யாணத்துக்காவது, எனக்கு ஏதாவது ஆனால் அன்றைக்காவது தளர்த்துங்கள் என்று கேட்டேன். ஒன்றும் குறையவில்லை. நானும் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ எப்போது வேண்டுமானாலும் ஊருக்கு வரலாம். ஆனால் வசுவாக அல்ல, விருந்தாளியாக. கரையில் இறங்கியதும் மாமா வீட்டுக்கு ஓடக்கூடாது. மற்றவர்களைப்போல் கையில் யங்கோனா வேர் கொண்டுவந்து ஊர்ப் பேச்சாளரிடம் கொடுத்துவிட்டு, கூப்பிடுகிறவரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்தையோ வேறு எதையோ நீ கேட்கலாம். மாமா வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால், நீ சரி மாமா என்று எழுந்து வந்துவிட வேண்டும்.

உன் அம்மா,
உனைசி